எல்க்குக்குத் தைலம் ஆகாது

நடுக்காட்டில் கார் நிறுத்த இடம் கிடைக்காமல் திண்டாடுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். கொலராடோ மலையில், விடிந்தும் விடியாத வேளையில், ராஜனும் நானும் அந்த மண் சாலையில் மூன்று முறை மேலும் கீழும் போய் வந்தோம். சாலையோரம் முழுக்க வண்டிகள். எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் எல்லாரும் வண்டியைச் சொருகிவிட்டு, வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு மலை ஏறியிருந்தார்கள். செப்டம்பர் மாதம் அங்கே வில்வேட்டைக் காலம். தீபாவளிக்கு முந்தின நாள் ரங்கநாதன் தெருவுக்குள் கார் ஓட்டின மாதிரி இருந்தது.

ராஜன் இறங்கி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்த வரிசையைப் பார்த்தான்.

"பதினெட்டு வருஷமா கிரீன் கார்டுக்கு லைன்ல நிக்கறேன். காட்டுக்கு வந்தா இங்கயும் லைனாடா?"

ராஜனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் தூத்துக்குடிக்காரன், அவன் திருச்சி. அமெரிக்காவுக்கு வந்த புதிதில் நியூஜெர்சியில், மான்மவுத் ஜங்ஷனில், ஒரே அபார்ட்மெண்டில் ஒன்றாக இருந்தோம். ஒரு குக்கர், ஒரு பழைய கார், மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்ட ஒரே ஒரு நல்ல குளிர் கோட்டு. பிறகு எனக்குக் கல்யாணம் ஆகி, வேலை மாறி, கலிஃபோர்னியாவில் சான் ரமோனுக்கு வந்துவிட்டேன். அவன் ஹூஸ்டனுக்குப் போனான். நேரில் பார்ப்பது குறைந்து, போன் குறைந்து, கடைசியில் வாட்ஸ்அப்பில் பிறந்தநாள் கேக் படம் அனுப்புகிற அளவுக்கு வந்து நின்றது.

போன கோடையில் திடீரென்று கூப்பிட்டான். "சேவி, டிசம்பர்ல மொத்தமா கிளம்பறோம்டா. வீட்டை வித்தாச்சு. பொண்ணும் காலேஜ் போயிட்டா. போறதுக்கு முன்னாடி ஒரு எல்க் அடிக்கணும். வரியா?"

"வரேன்" என்றேன். எல்க் எப்படி இருக்கும் என்றுகூட அப்போது எனக்குத் தெரியாது. நம்மூர் கடமானுக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். குதிரை உயரம், தலையில் ஒரு காய்ந்த மரத்தையே சுமக்கிற மாதிரி கொம்பு.

ஆனால் எனக்கு வேறு ஒரு திட்டம் இருந்தது. எங்கள் ஆபீஸில் அவனுக்குத் தோதான ஒரு வேலை காலியாக இருந்தது. மேனேஜரிடம் பேசி வைத்திருந்தேன். போனில் சிக்னல் எடுக்காத மலையில், அவன் தப்பித்துப் போக வழியில்லாத இடத்தில் வைத்து, "போகாதடா, சான் ரமோனுக்கு வந்துடு" என்று சொல்லிவிட வேண்டும். எல்க் அவனுக்கு, அவன் எனக்கு. அதுதான் என் வேட்டைத் திட்டம்.

அவனுக்கு இந்த வேட்டை ஆசை வந்ததே மான்மவுத் ஜங்ஷனில்தான். தரைத்தள வீடு எங்களுடையது. பின்பக்கம் ஒரு துண்டு மண்ணில் ராஜன் அவரைக்கொடி போட்டிருந்தான். அதற்கு அவன் செய்த பணிவிடை கொஞ்சநஞ்சமில்லை. ஆபீஸிலிருந்து வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் அதைப் போய்ப் பார்ப்பான். பூ விட்டு, பிஞ்சு விட்ட வாரத்தில் ஒரு மான் வந்து வேரோடு மேய்ந்துவிட்டுப் போய்விட்டது. காலையில் ஜன்னலைத் திறந்தால் பார்க்கிங் லாட்டில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டு அசை போடுகிறது. "இரு, உன்னை ஒரு நாள் வெச்சுக்கறேன்" என்று அதைப் பார்த்து விரலை ஆட்டினான். அந்த வன்மம் இத்தனை வருஷம் உள்ளேயே ஊறி, மான் வளர்ந்து எல்க் ஆகிவிட்டது.

"சரி, துப்பாக்கின்னா லேசா முடிஞ்சிருமே. வில்லு எதுக்குல?" என்று கேட்டேன்.

"துப்பாக்கி வாங்கி, நாளைக்கு விசா ரெனியூவல்ல அதுக்கு ஒரு கேள்வி வந்தா? வில்லுக்கு யாரும் ஒண்ணும் கேக்க மாட்டான்" என்றான். ஊரைவிட்டே கிளம்பப் போகிறவனுக்கு இன்னும் விசா பயம் போகவில்லை.

அவன் ஹூஸ்டனில் மாதக்கணக்காகப் பயிற்சி எடுத்தான். நான் வார இறுதிகளில் பயிற்சிக்கூடத்துக்குப் போனது போக, கராஜிலும் அம்பு விட்டுப் பார்த்தேன். முதல் அம்பு அரிசி மூட்டையில் பாய்ந்தது. என் மனைவி ஜெசி வந்து பார்த்துவிட்டு, "சோனாமசூரியை அடிச்சாச்சு, இனி எல்க் எம்மாத்திரம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அம்பு விடுவது ஒன்றும் பெரிய வித்தையில்லை. வில்லை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் கஷ்டம். கொஞ்ச நேரத்தில் கை நடுங்கும், தோள் எரியும். அம்பை விடவும் மனசில்லாமல், இழுத்த நாணை மெதுவாகத் திரும்ப இறக்குவது இருக்கிறதே, அது எல்லாவற்றையும்விடக் கஷ்டம்.

முதல் நாள் கார் நிறுத்த இடம் பார்த்து ஓரமாக ஒதுங்கியதில் சேற்றில் சக்கரம் இறங்கிவிட்டது. வாடகை வண்டி. ராஜன் தள்ளினான், நான் ஆக்சிலரேட்டரை மிதித்தேன். சேறு முழுக்க அவன்மேல். அப்போது பக்கத்தில் கூடாரம் போட்டிருந்த ஒரு அம்மாள் வந்தார். பெயர் டெப். நெப்ராஸ்காவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வருஷாவருஷம் தனியாகவே வேட்டைக்கு வருகிறாராம். ஒன்றும் பேசாமல் தன் டிரக்கில் சங்கிலி கட்டி எங்களை இழுத்துப் போட்டார். பிறகு எங்கள் வண்டியின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தார். குக்கர், அப்பளக் கட்டு, ஹூஸ்டன் ஹில்கிராஃப்ட் தெருவின் இந்தியக் கடைகளில் ராஜன் வாரிக்கொண்டு வந்திருந்த முறுக்கு, பருப்புப்பொடி, ஊறுகாய்.

"நீங்கள் வேட்டைக்கு வந்தீர்களா, இங்கே ஓட்டல் திறக்க வந்தீர்களா?" என்று கேட்டார்.

"ரெண்டும்தான் ஆன்ட்டி" என்று ராஜன் தமிழிலேயே சொல்லிவிட்டு அவர் கையில் ஒரு முறுக்கைக் கொடுத்தான். அவருக்கு முறுக்கு பிடித்துப்போய்விட்டது. அன்றைக்கே எங்களுக்கு ஒரு புத்தியும் சொன்னார். எல்க்கின் கண்ணை ஏமாற்றலாம், காதை ஏமாற்றலாம், மூக்கை மட்டும் ஏமாற்ற முடியாது, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டே இருங்கள் என்றார். நாங்கள் பெரிதாகத் தலையாட்டினோம்.

அன்று மாலை ராஜன் குழாயை எடுத்தான். ஆண் எல்க் கூவுகிற மாதிரி ஊதுவதற்கு ஒரு பிளாஸ்டிக் குழாய் விற்கிறார்கள். எண்ணெய் போடாத இரும்புக் கேட்டைத் திறக்கிற மாதிரி தொடங்கி, விசிலாக மேலே போய், உறுமலில் முடிய வேண்டும். ராஜன் ஊதினான். உடனே எதிர் மலையிலிருந்து பதில் வந்தது! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இடது பக்கத்திலிருந்து இன்னொன்று. கீழேயிருந்து மூன்றாவது. கொஞ்ச நேரம் ஒரே கச்சேரி. பிறகு ஒவ்வொன்றாகப் புதரை விலக்கிக்கொண்டு வந்தன. தாடி வைத்த ஒருவர், தொப்பி போட்ட ஒருவர், அப்பாவும் மகனுமாக இரண்டு பேர். எல்லார் கையிலும் குழாய். ஒருவரையொருவர் பார்த்து அசடு வழியச் சிரித்துவிட்டுத் திரும்பிப் போனோம்.

"காடு முழுக்க எல்க் மாதிரி கத்தற ஆளுங்கதான். எல்க் எல்லாம் எங்கயோ உக்காந்து சிரிச்சுட்டு இருக்கும்" என்றான் ராஜன்.

இரண்டாம் நாள் காலை ஓர் ஓடைக்கரையில் பதுங்கி உட்கார்ந்தோம். மலை உயரம் ஒத்துக்கொள்ளாமல் இருவருக்கும் தலைவலி. பனி விலகியபோது ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் எல்க் வந்தது. பின்னாலேயே ஆண். நிஜமாகவே வந்துவிட்டது. அதன் மூச்சு புகையாகத் தெரிந்தது. என் நெஞ்சு அடிக்கிற சத்தம் அதற்குக் கேட்டுவிடுமோ என்று பயந்தேன். இன்னும் நாலு எட்டு வைத்தால் போதும், ராஜனின் அம்புக்கு எட்டிவிடும்.

அது நின்றது. மூக்கை உயர்த்தியது. எனக்கும் அப்போதுதான் அந்த வாசனை வந்தது. திரும்பிப் பார்த்தேன். ராஜன் நெற்றியில் விரலை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான். மடியில் மூடி திறந்த தைல டப்பி.

இரண்டும் ஒரே பாய்ச்சலில் காட்டுக்குள் மறைந்தன.

"ஏலே, கோட்டிப்பயலே! எல்க்கு முன்னாடி உக்காந்து தைலம் தேய்க்கிற ஆளை உலகத்துல எங்கயாவது பாத்திருக்கியா?"

"தலை வெடிக்குதுடா. கை தானா போயிடுச்சு" என்றான் பாவமாக.

எனக்கு வந்த கோபம் எல்க் போனதற்காக மட்டுமில்லை. அந்தத் தைலத்துக்கும் எனக்கும் பழைய பகை. மான்மவுத் ஜங்ஷனில் பனி தொடங்கினால் இவன் தைலத்தைத் தொடங்கிவிடுவான். நெற்றி, கழுத்து, மூக்குக்குக் கீழே, உள்ளங்கால். வீடு முழுக்க மணக்கும். ஆபீஸில் என் கோட்டிலிருந்து அந்த வாசனை வந்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் எனக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்திருக்கிறாள். "தைலம் தேய்ச்சா ஹால்ல படு" என்று சட்டமே போட்டிருந்தேன். அவனும் போர்வையைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்குப் போவான். அங்கிருந்து "சேவி, தூங்கிட்டியா?" என்பான். பிறகு கதவுக்கு இரண்டு பக்கமும் இருந்துகொண்டு வெகுநேரம் பேசிக்கொண்டிருப்போம். என்ன பேசினோம் என்று ஒன்றுகூட ஞாபகமில்லை. பேசினது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

"இதைத் தூக்கிப் போட்டுடுதேன்" என்று டப்பியைப் பிடுங்கப் போனேன். "நானே போட்டுடறேன்" என்று பாக்கெட்டில் வைத்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் டெப் ஓர் எல்க்கை அடித்துவிட்டார். அங்கே ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் அடித்தால் அக்கம்பக்கத்துக் கூடாரத்துக்காரர்கள் போய் இறைச்சியைச் சுமந்து கீழே கொண்டுவந்து கொடுப்பார்கள். நாங்களும் போனோம். ஒரு தொடையைத் துணியில் கட்டி என் முதுகில் ஏற்றினார்கள். ஒரு ஆளைச் சுமக்கிற கனம். பாதி வழியில் முட்டி கழன்றுவிடும் போல இருந்தது. ஓர் அடிக்கு ஒரு "யம்மா" போட்டுக்கொண்டே இறங்கினேன்.

"மாடு மாதிரி கத்தாதடா, எவனாவது அம்பு விட்டுடப் போறான்" என்று பின்னாலிருந்து ராஜன் கிண்டல் செய்தான்.

சுமந்த கூலிக்கு டெப் நல்ல கறியாக ஒரு துண்டு கொடுத்தார். அதை ராஜன் சிறிதாக நறுக்கி, மிளகும் சோம்பும் பொடித்துப் போட்டு, சின்ன வெங்காயம் இல்லாத குறைக்குப் பெரிய வெங்காயம் வதக்கிச் சுக்கா வைத்தான். அந்தக் குளிரில் தட்டிலிருந்து ஆவி பறந்தது. டெப் ஒரு வாய் வைத்துவிட்டு, "இத்தனை வருஷமாக நான் எல்க்கை வீணடித்திருக்கிறேன்" என்றார். ராஜனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மான்மவுத் ஜங்ஷனில் ஞாயிற்றுக்கிழமை கோழிக் குழம்பு வைத்துவிட்டு, நான் முதல் வாய் வைப்பதற்காகக் கரண்டியோடு காத்திருப்பான். அதே முகம். இதுதான் நேரம், சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன்.

அதற்குள் அவனே டெப்பிடம் பேசத் தொடங்கிவிட்டான். டிசம்பரில் ஊருக்குப் போவதை, திருச்சியில் அப்பா தனியாக இருப்பதை, அவர் ஹூஸ்டனுக்கு வந்து பத்தே நாளில் டிக்கெட்டை மாற்றிக்கொண்டு ஓடிப்போனதை எல்லாம் சிரிக்கச் சிரிக்கச் சொன்னான். நான் இன்னொரு கரண்டி சுக்கா போட்டுக்கொண்டேன்.

நாலாவது நாள் எங்களுக்குக் கடைசி நாள். இருவரும் பிரிந்து உட்காரலாம் என்று முடிவு செய்தோம். கீழே சுனைக்குப் பக்கத்தில் ராஜன், மேலே முகட்டில் நான். யாரும் இடத்தைவிட்டு நகரக் கூடாது. போன் எடுக்காது என்பதால் இதைப் பல தடவை சொல்லிக்கொண்டோம்.

வெளிச்சம் வந்ததும் நான் ஊதினேன். கீழேயிருந்து ஒரு பதில் வந்தது. ராஜனின் ஊதல் எனக்குத் தெரியும், பாதியில் உடையும். இது உடையவில்லை, கம்பீரமாக முடிந்தது. மறுபடி ஊதினேன். இன்னும் கிட்டத்தில் பதில். உட்கார முடியவில்லை. நகரக் கூடாது என்ற பேச்செல்லாம் காற்றில் போயிற்று. அம்பை நாணில் கோத்துக்கொண்டு, மரம் மரமாக ஒளிந்து இறங்கத் தொடங்கினேன். அது கூவும், நான் கூவுவேன், இரண்டு அடி இறங்குவேன். ஓரிடத்தில் குனிந்து போகும்போது முட்டி ஒரு பாறை முனையில் இடித்தது. "யம்மா" என்று வாய்க்குள்ளேயே முனகி, பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருந்தேன்.

தலையைத் தூக்கினால், ஊசியிலை மரங்களுக்கு நடுவே ஒரு பழுப்பு நிறம். ஒரு பஸ் நீளம்தான் தூரம். அசைந்தது. தரையில் படுத்திருக்கிறது என்று நினைத்தேன்.

வில்லை இழுத்தேன். டெப் சொல்லிக் கொடுத்திருந்த மாதிரி, உடம்பு முழுக்கத் தெரியட்டும் என்று காத்திருந்தேன். கை நடுங்க ஆரம்பித்தது. வெயில் ஏறியதும் மலையில் காற்று கீழேயிருந்து மேலே வரத் தொடங்கும். என் முகத்தில் குளிர்ந்த காற்று பட்டது.

தைலம்.

என் உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. எல்க்கின் மேல் அந்த வாசனை வராது. உலகத்தில் வேறு எதன் மேலும் அந்த வாசனை வராது. ஹாலில் போர்வையைச் சுருட்டிக்கொண்டு போய்ப் படுக்கிற ஒருத்தன் மேல்தான் வரும். நாணை எப்படி இறக்கினேன் என்று எனக்கே தெரியாது. அம்பு கையிலிருந்து நழுவிக் காலடியில் விழுந்தது.

"ராஜா?" என்றேன். "ஏலே ராஜா!"

அந்தப் பழுப்பு எழுந்து நின்றது. வேட்டைச் சட்டை போட்ட ராஜன். முகத்தில் ரத்தமே இல்லை. ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். அவனும் விடவில்லை.

"இடத்தைவிட்டு நகரக் கூடாதுன்னு சொன்னேன்லா?" என்று கத்தினேன்.

"நீ மட்டும் என்ன, முகட்டுலயா இருக்கே?" என்று அவனும் கத்தினான். பிறகு குரலை இறக்கி, "சேவி, வில்லை இழுத்தியா?" என்று கேட்டான்.

"ம்."

"நானும் இழுத்தேன்டா. குனிஞ்சு வந்தியா, சரியா எல்க் முதுகு மாதிரியே தெரிஞ்சுது. விடலாம்னு விரலைக்கூட வெச்சுட்டேன். அப்ப 'யம்மா'ன்னு கேட்டுது." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "எந்த எல்க்குடா முட்டி வலிச்சா யம்மான்னு சொல்லும்? இறக்கிட்டேன். காலு மடங்கி அப்படியே உக்காந்துட்டேன். உன்னைக் கூப்பிடணும்னு வாயைத் திறக்கறேன், சத்தமே வரல."

"உன் ஊதல் உடையும்லா. எப்படி நல்லா வந்துது?"

"இத்தனை நாளா அதைத்தானே பிராக்டிஸ் பண்றேன்" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும். விழுந்து கிடந்த ஒரு மரத்தில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தோம். அது சிரித்து வந்த தண்ணீர் மட்டும்தானா என்று நானும் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை.

அப்போது, எங்களுக்கு வெகு பக்கத்தில், ஓர் எல்க் கூவியது. அடிவயிற்றிலிருந்து வந்த கூவல். ராஜன் என்னைப் பார்த்தான். "போடா, நீ போய்ப் பாரு."

"வேணாம்டா" என்றேன். "அதுவும் யாராவது ஒரு ராஜனா இருக்கும்."

வில் இரண்டும் தரையிலேயே கிடந்தன. அது இன்னும் இரண்டு முறை கூவிவிட்டுப் போய்விட்டது. அப்போதுதான் சொன்னேன். ஆபீஸ் வேலை, மேனேஜர் சரி என்றது, பக்கத்துத் தெருவிலேயே வாடகை வீடு பார்க்கலாம் என்றது எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினேன். கடைசியில், "போகாதடா. எனக்கு இங்க வேற யாரு இருக்கா?" என்றேன். சொல்லும்போது வெட்கமாகக்கூட இல்லை.

ராஜன் கீழே கிடந்த வில்லையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்ப இழுத்துப் பிடிச்சுட்டு நின்னியே, எவ்ளோ நேரம்டா நிக்க முடிஞ்சுது? நான் பதினெட்டு வருஷமா இழுத்துப் பிடிச்சுட்டு நிக்கறேன் சேவி. இதோ வரும், அடுத்த வருஷம் வரும்னு. கை நடுங்குது. இறக்கி வெச்சுடறேன்டா."

இறக்குவது எவ்வளவு கஷ்டம் என்று அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் தெரிந்துகொண்டிருந்தேன். காலையிலிருந்து தலை விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது.

"அந்த எழவெடுத்த தைலத்தை இங்க குடு" என்றேன்.

அவன் கொடுக்கவில்லை. டப்பியைத் திறந்து, விரலில் எடுத்து, அவனே என் நெற்றியில் தேய்த்துவிட்டான்.

மறுநாள் விமான நிலையத்தில் பிரிந்தோம். அவனுக்கு ஹூஸ்டன், எனக்கு வேறு வாசல். கடைசி நிமிஷத்தில் டப்பியை என் சட்டைப்பையில் போட்டான். "வெச்சுக்க. ஊர்ல பெட்டிக்கடைக்குப் பெட்டிக்கடை இதான் தொங்குது" என்றான். சண்டை போடத் தோன்றவில்லை.

டிசம்பரில் ஹூஸ்டனிலிருந்து விமானம் ஏறும்முன் கூப்பிட்டான். எங்கள் பக்கத்தில் கூவிவிட்டுப் போன அந்த எல்க்கைப் பற்றியே பேசினோம். அது எல்க்கேதான் என்றான் அவன். இல்லை, முதல் நாள் குழாயோடு வந்த தாடிக்காரர்தான் என்றேன் நான். போன் வைத்த பிறகு கராஜுக்குப் போனேன். அரிசி மூட்டைக்கு மேலே மாட்டியிருந்த வில்லைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, டப்பியைத் திறந்தேன்.

ஜெசி கதவைத் திறந்து மூக்கைச் சுளித்தாள். "என்னங்க, தலைவலியா?"

"இல்ல" என்றேன். "ராஜன் போயிட்டான்."